பட்டம் பெற்ற பிள்ளையும் வேலை விண்ணப்பமும்

தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை பட்டத்தோடு திரும்பும் நாள், அவ்வீட்டிற்கு மட்டுமன்றி அந்த லயத்திற்கே திருநாளாகும். ஆயினும், அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆறு மாதம் கழிந்தும் சான்றிதழ் பெட்டியிலேயே கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விக்கு விடை கூற இயலாமல் பெற்றோர் தவிக்கின்றனர்.

பட்டம் பெறுவதற்குக் கல்வி வேண்டும். வேலை பெறுவதற்கு வேறொரு பயிற்சியும் வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் பலர் அலுவலகத்தில் பணிபுரியும் தந்தையிடமோ மாமனிடமோ அதனைக் கேட்டறிகின்றனர். நம் பிள்ளைகளுக்கு அவ்வாறு கேட்பதற்கு ஆளில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்குவதே இம்மாதப் பாடத்தின் நோக்கமாகும்.

எழுதாமல் விட்ட அனுபவம்

ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது கணக்கியல் பட்டதாரி ஒருவரைச் சந்தித்தோம். 40 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை என அவர் வருந்தினார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தோம். நாற்பதும் ஒரே கடிதம். நிறுவனத்தின் பெயர் மட்டுமே மாறியிருந்தது. 'அனுபவம்' என்னும் பகுதியில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

அருகில் நின்ற அவருடைய தாயார் பொறுக்கவில்லை. "எனக்குக் காலில் அடிபட்டபோது விடுமுறை முழுவதும் என் நிரையில் மரம் சீவியது யார், ஐயா? இரண்டு வருடம் கோயில் திருவிழாக் கணக்கை எழுதியது யார்?" என்று கேட்டார். மகன் தலைகுனிந்து, "அதையெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள், அம்மா" என்றார்.

சிரிக்கமாட்டார்கள் என்று அவரிடம் கூறினோம். விடியுமுன் எழுந்து, பட்டையைக் காயப்படுத்தாமல் மரம் சீவி, பால் எடையை நாள்தோறும் சரிபார்த்தவருக்கு நேரந்தவறாமையும் பொறுப்பும் உண்டு என்பதை எந்த முதலாளியும் அறிவார். ஊரார் முன்னிலையில் கோயில் பணத்திற்குக் கணக்குக் காட்டியவர், கணக்கு வேலைக்கு அனுபவமற்றவர் ஆகமாட்டார். நம் பிள்ளைகள் தோட்டத்தை மறைக்க முயலும்போது, தங்கள் தகுதியில் ஒரு பாதியையும் மறைத்துவிடுகின்றனர்.

சுயவிவரக் குறிப்பு

முதலில் வேலை விளம்பரத்தை நிதானமாகப் படித்து, அவர்கள் கேட்கும் தகுதிகளைக் கோடிட்டுக்கொள்ள வேண்டும். அத்தகுதிகளுக்கு விடையாகவே விண்ணப்பம் அமைய வேண்டும். ஆதலின், ஒரே கடிதத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்புதல் பயன்தராது.

சுயவிவரம் இரண்டு பக்கங்களுக்கு மேற்படாதிருத்தல் நன்று. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், கல்வி, தொழிற்பயிற்சி, அறிந்த மொழிகள், அனுபவம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் தெரியும். இதனையும் குறிப்பிடத் தவறலாகாது.

அனுபவத்தைப் பொதுப்படையாக எழுதாமல் செயலோடு எழுத வேண்டும். 'சமூகச் சேவையில் ஈடுபட்டேன்' என்பது படிப்பவர் மனத்தில் நிற்காது. 'திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை இரண்டு ஆண்டுகள் எழுதி, பொதுக்கூட்டத்தில் சமர்ப்பித்தேன்' என்பது நிற்கும். செய்யாததைச் செய்ததாக எழுதுதல் கூடாது. நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விகளிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

எங்கே தேடுவது?

அரசாங்க வேலையை நாடுவோர் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அப்பதிவு குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும். பதிந்ததோடு கடமை முடிந்தது என்றெண்ணிப் புதுப்பிக்க மறப்போர் வாய்ப்பை இழக்கின்றனர். சொக்சோ எனத் தோட்ட மக்கள் நன்கறிந்த பெர்கேசோ, 2020-ஆம் ஆண்டு முதல் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' என்னும் வேலை தேடும் தளத்தையும் நடத்தி வருகிறது. ஒரே கதவைத் தட்டிக் காத்திராமல், அரசாங்கம், தனியார் ஆகிய இரு துறைகளிலும் தேடுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரை நம்பலாகாது. வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்னும் ஆசைவார்த்தையை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர் பலர், கம்போடியாவில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி 2022-இல் மீட்கப்பட்ட செய்தியை நாடே அறியும். வறுமையும் அவசரமும் உள்ள வீட்டையே இத்தகையோர் நாடுகின்றனர். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வு

இடத்தையும் பேருந்து நேரத்தையும் முதல்நாளே அறிந்து வைத்தல், மூலச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்குதல், தூய எளிய உடை அணிதல் ஆகியவை அடிப்படை. "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக வரும். இதற்குக் குடும்ப வரலாறு முழுவதையும் ஒப்பித்தல் வேண்டா. கற்றது என்ன, செய்தது என்ன, இவ்வேலைக்கு அது எவ்வாறு உதவும் என மூன்று செய்திகளை இரண்டு நிமிடத்தில் கூறினால் போதும். தெரியாத கேள்விக்குத் தெரியாது எனப் பணிவோடு கூறுவதில் இழிவில்லை.

பெற்றோர் கடமை

"இவ்வளவு படித்தும் வீட்டில்தானே இருக்கிறாய்" என்னும் சொல்லைப் பெற்றோர் தவிர்க்க வேண்டும். அச்சொல்லுக்கு அஞ்சிக் கிடைத்ததில் போய் விழுந்தோரும் உண்டு. முயற்சியையே விட்டோரும் உண்டு. போக்குவரத்துச் செலவுக்குச் சிறு தொகை ஒதுக்கித் தருவதும், பிள்ளை செய்த வேலைகளை நினைவூட்டுவதும் பெற்றோரால் இயன்ற பேருதவிகளாகும்.

மேலே கூறிய இளைஞர் தம் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினார். பின்னர் இரண்டு அழைப்புகள் வந்தன. முதலிடத்தில் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் இடத்தில், ஒரு லாரி நிறுவனத்தில், கணக்குக் கிராணி வேலை கிடைத்தது. சம்பளம் அவர் எண்ணியதைவிடக் குறைவுதான். எனினும், தொடக்கம் என ஏற்றுக்கொண்டார். தேர்வில் அவரிடம் முதலில் கேட்கப்பட்டது கோயில் கணக்கைப் பற்றியே என்று அவருடைய தாயார் நம்மிடம் கூறினார்.

இம்மாதப் பயிற்சி

1. வீட்டிலும் தோட்டத்திலும் கோயிலிலும் பள்ளியிலும் நீங்கள் செய்த பத்து வேலைகளை ஆண்டோடு எழுதுக.

2. ஒரு வேலை விளம்பரத்தை எடுத்து, அது கேட்கும் தகுதிகளைக் கோடிட்டு, மேற்கண்ட பத்தில் எவை பொருந்தும் எனக் குறிக்க.

3. தாய்தந்தையரை எதிரில் அமர்த்தி, உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் மலாய் மொழியிலும், பின்னர் ஆங்கிலத்திலும் பேசிப் பழகுக.