நோயுற்ற பூனைக்குக் காப்பீடு உண்டா?

மனிதரோடு ஒட்டி வாழும் உயிர்களுள் பூனைக்குத் தனியிடம் உண்டு. கடலூர் முதுநகரில் மீன்கூடை இறங்கும் இடமெல்லாம் பூனை வந்து நிற்கும். சிதம்பரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காப்பதும் பூனையே. இத்தகைய பூனை நோயுற்றால் மருத்துவச் செலவை ஏற்பது யார்? மனிதருக்கு இருப்பது போல் பூனைக்கும் இன்சூரன்ஸ் உண்டா? ஏற்கெனவே நோயுள்ள பூனையை அதில் சேர்க்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாட்டிலிருந்து பூனை வரை

நம் நாட்டில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973-ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆயின. அடுத்த ஆண்டே கறவை மாடுகளுக்குக் காப்பீடு தொடங்கப்பட்டது. நம் மாவட்டத்து உழவர்களுக்கு அதன் அருமை நன்கு தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது முந்திரி, பலா மரங்களோடு ஆடு மாடுகளும் மாண்டன. பசுவை இழந்த குடும்பம் அன்றாட வருமானத்தையே இழந்துவிடுகிறது அல்லவா?

இன்று தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ், காப்பீட்டுத் தொகைக்கான பிரீமியத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை உழவர் கட்டினால் போதும் என்று 2024-இல் மத்திய அரசு முடிவு செய்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. பசு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, கழுதை, ஒட்டகம் ஆகியவற்றோடு முயலுக்குக்கூட இத்திட்டத்தில் இடமுண்டு. பூனைக்கு இல்லை! பால், இறைச்சி, உழைப்பு என வருவாய் தரும் உயிர்களுக்கே இத்திட்டம் அமைந்துள்ளது. எனவே பூனையை வளர்ப்போர் தனியார் பாலிசியைத்தான் நாட வேண்டும். பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2020-இல் நாய்களுக்கும், 2022-இல் பூனைகளுக்கும் பாலிசி கொண்டு வந்தது.

நோயுள்ள பூனையை ஏன் ஏற்பதில்லை?

மாட்டுக் காப்பீடாயினும் பூனைக் காப்பீடாயினும் ஒரு விதி பொதுவானது. சேரும்போதே இருக்கும் நோய்க்குப் பணம் கிடையாது. கால்நடை மருத்துவர் பசுவைப் பார்த்து, அது நலமாக உள்ளது என்று சான்று தந்த பிறகே அதன் காதில் வில்லை மாட்டுவார்கள். அந்த வில்லை தொலைந்தால் இழப்பீடு பெறுவதும் கடினமாகிவிடும்.

இவ்விதி இரக்கமற்றதாகத் தோன்றுகிறது. உதவி மிகவும் தேவைப்படுவது நோயாளிக்குத்தானே? எனினும் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு வீடுகளில் ஆளுக்கொரு பூனை இருப்பதாகக் கொள்வோம். ஆண்டில் நான்கு பூனைகள் நோயுறும். ஒவ்வொன்றுக்கும் செலவு ரூ. 5,000 எனின், மொத்தம் ரூ. 20,000. நூறு வீட்டாரும் பகிர்ந்து கொண்டால் வீட்டுக்கு ரூ. 200 மட்டுமே. இதுவே காப்பீட்டின் அடிப்படை. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே மெய்யாகிறது.

இப்போது, ஏற்கெனவே நோயுற்ற பத்துப் பூனைகள் புதிதாகச் சேருகின்றன. அவற்றுக்கு மட்டும் ரூ. 50,000 வேண்டும். மொத்தச் செலவு ரூ. 70,000, வீட்டுக்கு ஏறக்குறைய ரூ. 636. "எங்கள் பூனை நலமாகத்தானே இருக்கிறது, நாங்கள் ஏன் இவ்வளவு தர வேண்டும்?" என்று ஐம்பது வீட்டார் விலகிவிடுகின்றனர். மிஞ்சிய ஐம்பது நலமான பூனைகளில் இரண்டு நோயுறும்; அதற்கு ரூ. 10,000. ஆக ரூ. 60,000-ஐ அறுபது வீட்டார் சுமக்க வேண்டும், வீட்டுக்கு ரூ. 1,000. மேலும் பலர் விலகுவர். இறுதியில் நோயுற்ற பத்துப் பூனைகளின் வீட்டார் மட்டுமே நிற்பர். ஒவ்வொருவரும் தம் செலவான ரூ. 5,000-ஐத் தாமே கட்டுவர். காப்பீடு கலைந்துவிடும்!

அப்படியாயின் நோயாளிக்கு வழியே இல்லையா? உண்டு. எல்லாரும் விலகாமல் நிற்கும்போது வழி பிறக்கிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை அளிக்கிறது. ஏனெனில் பிரீமியச் சுமையை அரசு, அதாவது நாம் அனைவரும், ஏற்கிறோம். பூனைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

மறைத்துச் சேர்க்கலாமா?

"நோயைச் சொல்லாமல் சேர்த்துவிட்டால் என்ன?" என்று சிலருக்கு எண்ணம் எழலாம். இது தவறு, பயனும் தராது. காப்பீடு என்பது இரு தரப்பாரும் உண்மை பேசுவார்கள் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான நம் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சுமத்திராத் தீவிலிருந்த கம்பெனியின் மார்ல்பரோ கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அக்கோட்டையின் ஆளுநர் அது பகைவர் கையில் விழுந்தால் பணம் பெறுமாறு முன்பே காப்பீடு செய்திருந்தார். வழக்கு லண்டன் நீதிமன்றம் சென்றது. 1766-இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்பீடு செய்வோர் தமக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான செய்தியை மறைக்கலாகாது என்னும் நெறியை நிலைநாட்டினார். அவ்வழக்கில் ஆளுநரே வென்றார். அவர் கூறாதவை காப்பீடு அளித்தவரும் அறியக்கூடியவை என்று முடிவாயிற்று. எனினும் அந்நெறி இன்றும் காப்பீட்டின் உயிர்நாடியாக உள்ளது.

மருத்துவர் எழுதிய பழைய சீட்டு ஒன்றே உண்மையை வெளிப்படுத்திவிடும். பிறகு கட்டிய பிரீமியமும் வீண். நோயோடு தொடர்பில்லாத விபத்துக்கான பணமும் கிடைக்காமல் போகலாம்.

செய்யத்தக்கவை

முதலாவது, பூனை குட்டியாகவும் நலமாகவும் இருக்கும்போதே காப்பீடு செய்வது நன்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா?

இரண்டாவது, பூனைக்கு முன்பே நோய் இருந்தால் அதை எழுத்தில் தெரிவித்து, சில கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் பெற வேண்டும். அந்த நோய் என்றைக்கும் விலக்கா, அல்லது சில காலத்துக்கு மட்டுமா? சேர்ந்து எத்தனை நாள் கழித்துப் பாதுகாப்பு தொடங்கும்? சிறுநீரக நோயுள்ள பூனை வண்டியில் அடிபட்டால் அச்செலவு கிடைக்குமா? எந்த வயது வரை புதுப்பிக்கலாம்?

மூன்றாவது, பாலிசி கிடைக்காவிட்டால் உண்டியலே காப்பீடு. வாரம் ரூ. 50 போட்டால் ஆண்டு முடிவில் ரூ. 2,600 சேரும்.

நான்காவது, அரசு கால்நடை மருத்துவமனையை மறக்கலாகாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அவை உள்ளன. கடினமான நோயாயின், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

ஐந்தாவது, நோய் முற்றாமல் காக்க வேண்டும். முதிய பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகுதியாக வரும். அதிகமாக நீர் குடிப்பதும் மெலிவதும் அதன் அறிகுறிகள். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும். ஒருபோதும் கொடுத்தல் கூடாது.

நம் கடமை

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், எவ்வுயிர்க்கும் இரங்குவதே சிறந்த வழிபாடு என்று போதித்தார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிரினங்களைச் சகோதர சகோதரிகள் என்று அழைத்தார். அவருடைய திருநாளான அக்டோபர் 4 அன்று பல நாடுகளின் ஆலயங்களில் வளர்ப்புப் பிராணிகளை ஆசீர்வதிக்கின்றனர்.

காப்பீட்டு நிறுவனம் கணக்குப் பார்க்கும். அது அதன் தொழில். நாம் கணக்கோடு கருணையும் உடையவர்களாய் இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பூனையாயினும், வாசலில் வந்து ஒண்டிய பூனையாயினும், சோறிட்டு வளர்த்த பின் நோய் வந்ததென்று சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டு வருவது நமக்குத் தகாது. பாலிசி ஏற்க மறுத்த உயிரையும் ஏற்பது வீடுதான். அந்த வீட்டார் நாமாக இருப்போமாக!