அணை நிரம்பியிருக்கிறது, எங்கள் மதகுக்கு ஏன் திறக்கவில்லை?

கேள்வி: எனக்குக் கீழ்பவானிப் பாசனத்தில் நாலு ஏக்கர். பிரதானக் கால்வாயின் கடைமடை, ஒற்றைப்படை மதகு. இந்த ஆண்டு முதல் போகம் இரட்டைப்படை மதகுகளுக்கு. எங்களுக்கு இரண்டாம் போகப் புஞ்சைத் தண்ணீர்தான் என்கிறார்கள். பவானிசாகர் நிரம்பி நிற்கிறது, நாங்களும் தீர்வை கட்டுகிறோம். போன புஞ்சை முறையிலும் கடைசி மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. மேலே மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். ரிட் போட்டால் தண்ணீர் கிடைக்குமா?
- வாசகர், காங்கேயம் வட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. முதலாவது நிற்காது. இரண்டாவதைப் போடலாம், போடவும் வேண்டும்.

இப்போதே நெல்லுக்குத் தண்ணீர் கேட்பது முதல் வழக்கு. கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கரையும் ஒரே போகத்தில் நனைக்க முடியாது என்பதால்தான் ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து 120 நாள் நன்செய்த் தண்ணீர். மறு பாதிக்கு அது முடிந்தபின் விட்டுவிட்டுப் புஞ்சை நனைப்பு. அடுத்த ஆண்டு இது மாறும். முதல் போகத்துக்கு 24 டி.எம்.சி., இரண்டாம் போகத்துக்கு 12 என்பது கணக்கு. அணையின் கொள்ளளவோ 32.8 தான். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் ஆகிய பழைய வாய்க்கால்களின் முன்னுரிமையும் உண்டு. ஆக, இன்று நிரம்பி நிற்கும் நீரில் உங்கள் புஞ்சைப் பங்கும் அடக்கம். அதை இப்போதே திறக்கச் சொன்னால் தை, மாசியில் உங்கள் கடலைக்குத்தான் தண்ணீர் இருக்காது.

அரசு செலவில் கட்டிய கால்வாயின் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள அதிகாரத்தை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 2(அ) பிரிவு தொடாமல் விட்டுவைத்திருக்கிறது. தீர்வை கட்டுவதால் ஆயக்கட்டில் உங்களுக்கு இடம் உண்டு. நினைத்தபோது மதகைத் திறக்கச் சொல்லும் உரிமை அதில் இல்லை. உபரி ஆற்றில் போகும் நாட்களில் சிறப்பு நனைப்பு கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு.

இரண்டாவது விஷயம் வேறு. முறையை அரசாணையாக வெளியிட்டபின், திறக்கும் தேதியும் மொத்த அளவும் எழுத்தில் வந்துவிடுகின்றன. அந்த முறையில் தலைமடைக்குப் பாய்ந்து கடைமடை காய்ந்தால், அது அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு பேசும் சமத்துவத்துக்கு எதிரானது. இங்கே நீதிமன்றம் கேட்கும். கேட்க வைப்பது உங்கள் கையிலுள்ள ஆதாரம். ‘தண்ணீர் வரவில்லை’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கால்வாயின் தலைப்பில் கேஜ் இருக்கும். அதன் தினசரி அளவுப் பதிவின் நகலை, போன முறை முழுவதற்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறையிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தலைப்பில் முழு அளவு ஓடிய அதே நாட்களில் உங்கள் கொப்பு வாய்க்கால் வறண்டு கிடந்ததைத் தேதியோடு காட்டினால், இடையில் தண்ணீர் எங்கோ போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். படம் எடுக்கும்போது மதகு எண் தெரியட்டும்.

மோட்டார் விஷயத்தில் தயங்காதீர்கள். பாசன நீரைக் குறைக்கும் செயல் பாரதிய நியாய சன்ஹிதா 326(அ) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இடத்தைக் குறித்துச் செயற்பொறியாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்ட சீட்டை வைத்திருங்கள். கோபத்தில் கரையை வெட்டினாலோ மதகை உடைத்தாலோ இதே பிரிவு உங்கள் மேல் பாயும்.

புஞ்சை முறையில் நீங்களும் நெல் நட்டிருந்தால் வழக்கு அங்கேயே பலவீனப்பட்டுவிடும். மேல்மடைக்காரர் நெல் போட்டுத் தண்ணீரை இழுப்பதுதான் கடைமடையின் பெரிய துயரம். அதையே நீங்கள் செய்துவிட்டு நியாயம் கேட்க முடியாது.

2000-ஆம் ஆண்டு பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி அமைந்த உங்கள் பகுதிப் பாசன சபையில் முதலில் தீர்மானம் போடுங்கள். பிறகு செயற்பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் மனு. பதில் இல்லையென்றால், தண்ணீர் ஓடும் நாட்களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில், கடைமடைக்காரர்கள் பலர் சேர்ந்து ரிட் போடுங்கள். முறை முடிந்தபின் வரும் உத்தரவால் பயிர் பிழைக்காது. அதனால் தகவல் மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.