வளைந்து செல்லும் குழாயின் கணக்கு

நமது ஆலய மடப்பள்ளியின் புகைபோக்கிக் குழாயைச் சென்ற ஆண்டு மாற்றியமைத்தபோது உபயகாரர் சிலர் ஒரு கேள்வி கேட்டனர். குழாய் மேலே போகிறது, அவ்வளவுதானே. இடையில் உள்ள ஒரு வளைவுக்கு இவ்வளவு தகடும் கூலியும் எதற்கு? நியாயமான கேள்விதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் விடையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அடுப்புக்கு மேலிருந்து எழும் குழாய் சுவரை ஒட்டி நேராகப் போக வேண்டும். ஆனால் கூரைக்குக் கீழே கான்கிரீட் உத்தரம் ஒன்று குறுக்கே நிற்கிறது. உத்தரத்தைத் துளைக்கக் கூடாது. ஆகவே குழாய் ஓரிடத்தில் சாய்ந்து விலகி, பின்னர் மீண்டும் நிமிர வேண்டும். தொழிலாளர் இதனை ஆஃப்செட் என்பர். பக்கவாட்டில் விலகும் தூரம் அவர்கள் பேச்சில் ‘செட்’, சாய்வாகச் செல்லும் நீளம் ‘டிராவல்’, அதற்குள் குழாய் ஏறும் தூரம் ‘ரன்’. நாம் விலகல், சாய்வு நீளம், நேர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணம்; சாய்வு நீளமே அதன் கர்ணம்.

நமது குழாய்க்கு விலகல் 420 மில்லிமீட்டர். 45 பாகை சாய்த்தால் நேர் உயரமும் அதே 420. சாய்வு நீளம் காண 1.414-ஆல் பெருக்க வேண்டும்: 594. 30 பாகை மட்டும் சாய்த்தால் விலகலை இரண்டால் பெருக்கி 840. நேர் உயரம் 727 வேண்டும், அத்தனை இடம் அங்கே இல்லை. 60 பாகை என்றால் 1.155-ஆல் பெருக்க 485-தான் வரும். தகடு மிச்சம். ஆனால் வளைவு கடுமையாகிப் புகை தடைபடும், எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கும். ஆகவே 45 பாகை என்று முடிவாயிற்று.

இந்த 594-ஐ அப்படியே வெட்டிவிடலாமா? கூடாது. அது குழாயின் நடுக்கோடு திரும்பும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். இரு முனையிலும் பொருத்தும் எல்போ என்கிற முழங்கைத் துண்டுகள் அதில் தமக்கு உரிய பங்கை எடுத்துக்கொள்ளும். 45 பாகை முழங்கையின் பங்கு, அதன் வளைவு ஆரத்தின் 0.414 மடங்கு. (1.414-இல் ஒன்று போக மிச்சமும் இதுவே என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர் முகம் மலரும்.) நமது முழங்கையின் ஆரம் 300, பங்கு 124. இரண்டுக்கும் சேர்த்து 249 என்று கழித்தால், வெட்ட வேண்டிய நேர்த்துண்டு 345 மில்லிமீட்டர்.

பழைய குழாயில் பிசகியது இந்த இடத்தில்தான். அதைச் செய்த குத்தகையாளரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் பொருத்திய துண்டு முப்பது மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. இடைவெளியைத் தகட்டுப் பட்டையாலும் பசையாலும் மூடிவிட்டுப் போய்விட்டார். சூட்டில் பசை காய்ந்து உதிர, எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அன்னதானச் சமையல் நடக்கும் அடுப்புக்கு மேலே எண்ணெய் சொட்டினால் அது அசுத்தம் மட்டுமன்று, தீப்பற்றும் அபாயம். நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம். குறைந்தால் தகடே வீண்.

புதிய குழாயைப் பொருத்த வந்தவர் நடுத்தர வயதுக்காரர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கால்குலேட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. “ஓர் அடிக்குப் பதினேழு அங்குலம், வாத்தியாரையா. எங்கப்பா சொல்லிக் கொடுத்தது,” என்றார். 12-க்கு 17. அந்தக் கணக்கில் 420-க்கு 595 வரும். ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு.

மேடைகளில் நம்மவர் பெருமையோடு எடுத்துக்காட்டும் பழைய செய்யுள் கணக்கு ஒன்று உண்டு. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு கூறைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்பது அது. வர்க்கமூலம் தேவையில்லை. பக்கங்கள் 4, 3 எனில் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, மிகச் சரி. 12, 5 எனில் பத்தரையும் இரண்டரையும் 13, அதுவும் சரி. ஆனால் இரு பக்கமும் சமமாக உள்ள 45 பாகையில் 420-க்கு 577.5 தான் கிடைக்கிறது. பதினாறு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. பெருமைக்காக அதைக் கொண்டு தகட்டை வெட்டினால் மறுபடியும் ஒழுகும்.

அவர் தந்தை சொன்ன பதினேழுக்கு உறவான விதி வேறிடத்தில் இருக்கிறது. சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் முறையைக் கூறுவது பௌதாயன சுல்ப சூத்திரம். சதுரத்தின் மூலைவிட்டம் காண அது சொல்லும் வழி: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, அந்தப் பங்கில் நான்கில் ஒன்றையும் கூட்டு, கடைசியாகக் கூட்டியதில் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழி. பக்கம் 12 அங்குலம் என்று கொள்வோம். 12, 4, 1 சேர்ந்து 17! கழிக்க வேண்டியது 1/34 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். இரும்பு ரம்பத்தின் வெட்டிலேயே அவ்வளவு போய்விடும்.

இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள அன்பர்கள் இந்தக் கணக்கை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். படுக்கையாகச் செல்லும் நான்கு அங்குல எஃகுத் தண்ணீர்க் குழாய், 45 பாகை முழங்கைகள் இரண்டைக் கொண்டு, ஒரே சாய்வில் 300 மில்லிமீட்டர் மேலேயும் 400 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் விலக வேண்டும். சாய்வு நீளம் என்ன? இரண்டையும் கூட்டி 700 என்று வைத்துப் பெருக்கினால் 990 வரும், குழாய் சுவரில் இடிக்கும். 300-உம் 400-உம் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆகவே உண்மையான விலகல் 500. அதை 1.414-ஆல் பெருக்க 707. பற்றவைக்கும் நீள்வளைவு முழங்கை ஒவ்வொன்றுக்கும் 64 கழித்தால் 579. பற்றவைப்புக்கு விடும் சிறு இடைவெளியையும் அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.