ஃபியூஸ் தடுக்காத சூடு

பாடியிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தப் பழுது சீக்கிரமே உங்கள் கைக்கு வரும். இண்டிகேட்டர் எரியவில்லை என்பார்கள். கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் பழுப்பேறி உருகியிருக்கும். புது ஹோல்டரும் பல்பும் மாட்டி அனுப்புவது எளிது. ஆனால் அது ஏன் உருகியது என்று பார்க்காமல் விட்டால் அதே வண்டி மறுபடி உங்களிடமே வரும். ஐடிஐ முடித்து வருகிற தம்பி, தங்கைகளுக்கு நான் முதலில் கற்றுத்தர விரும்புவது இந்த ஒரு பழுதைத்தான். மின்சாரத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்யும் பழக்கம் இதிலிருந்து தொடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். இண்டிகேட்டர் பல்பு பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட். சுமார் 1.75 ஆம்பியர் ஓடும். பல்பின் அடிமுனையும் ஹோல்டரின் தகடும் தொடுகிற இடத்தில் களிம்பேறி அரை ஓம் தடை உண்டானால், அங்கே ஏறத்தாழ ஒன்றரை வாட் வெப்பம் பிறக்கும். கேட்க அற்பம்தான். ஆனால் அது கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே பிறக்கிறது. பல்பின் சொந்தச் சூடும் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டில் ஸ்பிரிங் தளரும், பிடி குறையும், தடை ஏறும், சூடு இன்னும் கூடும். இவ்வளவுக்கும் ஃபியூஸ் போகாது. தடை கூடும்போது கரண்ட் குறையுமே தவிர ஏறாது; ஃபியூஸ் காப்பது அளவுக்கு மீறிய கரண்டிலிருந்து மட்டும். “ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

வண்டிக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, டபுள் இண்டிகேட்டர் எவ்வளவு நேரம் போட்டிருந்தார்? திரும்பும்போது சில நொடி மட்டும் எரியும் பல்பு, பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் வண்டி நின்றுவிட்டால் அரை மணி நேரம் விட்டுவிட்டு எரிகிறது. பலவீனமான தொடுமுனை அப்போதுதான் உருகும். இரண்டாவது, வண்டி வெள்ளத்தில் நின்றதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே தண்ணீர் நின்றது. விளக்குக்குள் புகுந்த நீர் காய்ந்துபோனாலும், அது உண்டாக்கிய களிம்பு மாதக்கணக்கில் வளரும்.

பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். பல்பு மாட்டி எரிகிறபோதுதான் அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் மோசமான இணைப்பும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் பாருங்கள். விட்டுவிட்டு எரிவதால் எண் தாவும். மீட்டரில் உச்ச அளவைப் பிடிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். தனி ஃபிளாஷர் ரிலே உள்ள பழைய வண்டியில், ரிலேயைக் கழற்றி அந்த இடத்தை ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்தால் பல்பு நிலையாக எரியும். கம்ப்யூட்டர் யூனிட் இண்டிகேட்டரை இயக்கும் புது வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது.

பல்பையும் சரிபாருங்கள். ஆரஞ்சு நிற பிஒய்21டபிள்யூ பல்பின் இரு பக்கப் பின்களும் நேரெதிரே இல்லாமல் சற்று விலகியிருக்கும். வெள்ளைப் பல்பு மாறிப் போய்விடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. வெள்ளைப் பல்பை அழுத்தித் திணித்திருந்தால் சாய்ந்து உட்கார்ந்து அரைகுறையாகத் தொடும்.

ஹோல்டரை மாற்றும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கறுத்த வயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். அதே கனமுள்ள வயரை கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல.

எல்இடி போட்டுவிட்டு இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது என்று வருபவர்கள் இப்போது அதிகம். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரைதான் சரியான வேகம். வேகத்தைக் குறைக்க மாட்டும் 6 ஓம் ரெசிஸ்டர், எரியும் நேரத்தில் 24 வாட்டுக்கு மேல் சூடாகும். அதை பம்பரிலோ வயர்கட்டிலோ ஒட்டிவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எல்இடிக்கான ஃபிளாஷர் ரிலே கிடைக்கும் வண்டியானால் அதையே மாற்றுங்கள். வேறு வழியில்லை என்றால் ரெசிஸ்டரை வெறும் இரும்புத் தகட்டில் திருகி இறுக்குங்கள்.

இதைக் கற்றபின் வேலைக்கு வெகுதூரம் தேட வேண்டாம். பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், புதுச்சத்திரத்தில் விளக்குகள் தயாரிக்கும் இந்தியா ஜப்பான் லைட்டிங் என்று வாகன மின்சாதனத் தொழில் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு மத்திய அரசின் இணையதளத்தில் பதிவுசெய்யலாம். விண்ணப்பத்தில் “வயரிங் தெரியும்” என்று எழுதுவதைவிட “வோல்டேஜ் டிராப் அளந்து பழுது கண்டறிவேன்” என்று எழுதுங்கள். பட்டறையிலும் பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த வோல்ட் அளவை ஜாப் கார்டில் குறித்து, உருகிய ஹோல்டரை வண்டிக்காரரிடம் காட்டிவிட்டே கூலியைச் சொல்லுங்கள்.