மொட்டைக் கோழியை விற்ற கதை

அந்த இரண்டு கோழிகளையும் கறிக்குக் கொடுத்தது தப்பு என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் பிடித்தது.

2022 ஐப்பசி. கோத்தகிரியில் விடாத மழை. காலையில் கூண்டைத் திறந்தால், ராத்திரி நாய் புகுந்து குதறிவிட்டுப் போனது போலத் தரையெல்லாம் இறகு. கருப்பிக்கு ஒரே வாரத்தில் கழுத்தும் நெஞ்சும் மொட்டை. அடுத்த வாரம் வாலும் போயிற்று. உரித்த கோழி எழுந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். முட்டையும் நின்றுவிட்டது. இது தேறாது என்று நானே தீர்ப்பெழுதி, அவளையும் அவளைப் போலவே ஆகியிருந்த இன்னொன்றையும் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இறகு கலையாமல் மினுமினுவென்று திரிந்த சேப்பியைக் காட்டி, "இதுதான் கோழி" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

எனக்குச் சொந்த ஊர் கோபி. ஆசிரியர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டேன். 2021 மார்ச்சில் எட்டு வாரக் குஞ்சுகளாகப் பன்னிரண்டு வாங்கினேன். கிராமப்பிரியாவும் நாட்டுக்கோழியும் கலந்து. அந்த வருட மார்கழிக் குளிரில் அவை சளைக்காமல் முட்டையிட்டன. குளிராவது ஒன்றாவது என்று நினைத்தேன். இளம் பெட்டைகள் முதல் குளிர்காலத்தை இறகு உதிர்க்காமலே பெரும்பாலும் கடந்துவிடும், ஒன்றரை வயதை ஒட்டி வரும் அடுத்த குளிரில்தான் சங்கதி தெரியும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கோழிக்கு நாள்காட்டி வெளிச்சம்தான். நம் பக்கம் ஆனி மாதத்துப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் என்றால், மார்கழியில் பதினொன்றரைதான். மலையில் அதிலும் பாதியை மூடுபனி தின்றுவிடும். பகல் குறையக் குறைய உடம்பு முட்டை வேலையை நிறுத்திவிட்டு உடுப்பு மாற்றத் தொடங்குகிறது. முதலில் தலை, கழுத்து, பிறகு நெஞ்சு, உடம்பு, கடைசியில் இறக்கை, வால் என்று ஏறக்குறைய ஒரு வரிசையில் உதிரும். இறகில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமல் புரதம். உடம்பு முழுக்கப் புதிதாக நெய்துகொண்டே முட்டையும் இடு என்றால் அது எங்கே போகும்?

இப்போது சேப்பிக்கு வருகிறேன். நல்ல முட்டைக்கோழி தாமதமாக உதிர்க்கும். ஆனால் மளமளவென்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப முட்டைக்கு வந்துவிடும். சோம்பேறிக் கோழி சீக்கிரமே தொடங்கி, ஒன்று உதிர்த்து ஒன்று முளைத்து என்று ஐந்தாறு மாதம் இழுக்கும். பார்வைக்கு அது எப்போதும் முழுசாகத்தான் தெரியும். இறக்கையை விரித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். வெளிப்புறம் உள்ள பத்துப் பெரிய இறகுகளில் மூன்று நான்கு ஒரே உயரத்தில் சேர்ந்து முளைத்து வந்தால் அது வேகக்காரி. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நின்றால் இழுவை. சேப்பி ஆவணியில் தொடங்கி மாசி வரை இழுத்தாள். முட்டை நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் விற்ற இரண்டும் புரட்டாசிக் கடைசி வரை முட்டையிட்டவை.

மொட்டையாகிறது என்பதற்காக எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிடவும் கூடாது. சேவல் ஏறித் தேய்த்தால் முதுகில் மட்டும் இறகு போகும். ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து இறகு போனால் பேன், செள்ளு. இறகு உதிர்க்கும் கோழியின் தோலில், உற்றுப் பார்த்தால், பேனா முள் போலப் புது முளைகள் குத்திட்டு நிற்கும், அதுவே சாட்சி. கோழி கொஞ்சம் மந்தமாக இருக்கும், கொண்டை வெளுத்துச் சுருங்கும், ஆனால் இரை எடுக்கும், கண் தெளிவாக இருக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, தீனியைத் தொடாமல் நின்றால் அது வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருந்தகத்துக்கு உடனே ஓடவேண்டிய விஷயம். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். இறகு உதிர்ந்த முதல் வருடம் நான் செய்த இன்னொரு மடத்தனம், கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கை மொட்டைக் கோழிகளுக்கெல்லாம் தண்ணீரில் கலந்து கொடுத்தது. ஐந்து நாள். நோயே இல்லாத கோழிக்கு.

தீனிக்கு வருவோம். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். முட்டையே இடாத கோழிக்கு அது வேண்டாத பாரம். உதிர்வு தொடங்கியதும் நான் வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றிவிட்டு, கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் வைத்துவிடுகிறேன். வேண்டியது கொத்திக்கொள்ளும். இறகுக்குக் கந்தகம் கலந்த புரதம் தேவை. நம் கைக்கெட்டும் பொருளில் அது தாராளமாக உள்ளது எள்ளுப் பிண்ணாக்கில். ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி என்று கொட்டிவிடாதீர்கள். ஊறவைத்து, தீவனத்தோடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் பிசைந்தால் போதும். கடலைப் பிண்ணாக்கை மழைக்காலத்தில் நான் தொடுவதில்லை. இங்குள்ள ஈரத்துக்கு ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுத் தூள் நல்லதுதான், உப்பில்லாததாகக் கிடைத்தால். கோபியில் அம்மா சாணியும் சாக்கும் திணித்த பானையைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துப் போடுவார். அதைப்போல ஒரு தீனி கிடையாது. இங்கே இந்தக் குளிரில் பானைக்குள் மண்புழு கூட வரவில்லை. தீவன மூட்டையை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள். எங்கள் தெருவில் கரடி வந்துபோகும். அதற்கு யார் வீட்டு மூட்டை என்ற பேதம் இல்லை.

புது முளை வரும் நாட்களில் கோழியைத் தூக்கவே கூடாது. ஒருநாள் செம்பி என்ற கோழிக்குச் செள்ளு இருக்கிறதா என்று பார்க்க எப்போதும் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். அவள் போட்ட அலறலில் அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. விட்டுவிட்டுக் கையைப் பார்த்தால் விரலில் ரத்தம், என்னுடையதல்ல. வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது, ஒன்று ஒடிந்தாலும் கொட்டும். கொஞ்சம் மஞ்சள் தூளை வைத்து அழுத்திப் பிடித்ததில் நின்றது. ஆனால் ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். மூன்று நாள் தனிக்கூடையில் வைத்தேன். அதிலிருந்து, பார்க்க வேண்டியதை இருட்டிய பின் பரணில் இருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி.

குளிர் விஷயத்தில் என் அறிவு இன்னும் மோசம். மொட்டை உடம்போடு இந்தப் பனியில் எப்படித் தாங்கும் என்று இரக்கப்பட்டு, கார்த்திகையில் கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். இண்டு இடுக்கு விடவில்லை. பத்தாம் நாள் இரண்டு கோழிக்கு மூக்கில் சளி, கொர் கொர் என்று மூச்சு. அப்போதுதான் கீழே தோட்டத் தொழிலாளர் லைனில் இருக்கும் பாட்டி வந்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து பெற்றோருடன் வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, லைன் வீட்டு வாசலில் காலமெல்லாம் கோழி வளர்த்தவர். விடிகாலை ஐந்தரைக்குத் தார்ப்பாயைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். "நீங்களும் வாங்க டீச்சர்" என்றார். நுழைந்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. எச்சத்தின் நெடி தொண்டையைப் பிடித்தது. தார்ப்பாயின் உட்புறம் முத்து முத்தாக ஈரம். கோழிகளின் மூச்சே நீராகி அவற்றின் முதுகிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிருக்குக் கோழி சாகாது டீச்சர். நீங்க இப்புடிப் பொத்தி வச்சா செத்துரும்."

இடுப்பிலிருந்த கத்தியாலேயே கூரைக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்கு நாலு பக்கமும் தார்ப்பாயைக் கிழித்துவிட்டுப் போனார். புதுத் தார்ப்பாய். ஆனால் அதுதான் கணக்கு. கோழி உட்காரும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கோழியின் உடம்புச் சூடே நாற்பத்தொரு டிகிரி. உலர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தால் நம் ஊர்க் குளிரை அது பொருட்படுத்தாது. பரணுக்கு உருட்டுக் கம்பை எடுத்துவிட்டு, இரண்டங்குலப் பட்டை உள்ள ரீப்பரைப் படுக்கைவசமாக அடித்தேன். விரல்களை அதன்மேல் விரித்து, வயிற்று இறகால் மூடிக்கொள்கின்றன.

கீழே மர இழைப்புச் சீவல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது. நின்றால் மாற்ற வேண்டியதுதான். மழைக்கு ஒதுங்கிய மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு பழைய டயர். அதில் புரண்டாலே செள்ளு பாதி போய்விடும்.

விளக்குப் போட்டால் முட்டை வரும் என்பார்கள். வரும். பதினான்கு மணி நேரம் வெளிச்சம் காட்டினால் மார்கழியிலும் இடும். ஆனால் இறகு முளைத்து முடியும் முன் விளக்குப் போடுவதை நான் ஒப்புவதில்லை. வருடத்தில் இரண்டு மாதம் கோழிக்கு ஓய்வு கொடுக்க முடியாதவர்கள் கடையில் முட்டை வாங்கிக்கொள்ளலாம். தை பிறந்து, கழுத்து மூடி, கொண்டை சிவந்த பிறகு, விடிகாலை நாலரைக்கு ஒரு சின்ன எல்இடி எரியும்படி டைமர் வைக்கிறேன். மாலையில் வேண்டாம். விளக்கு சட்டென்று அணைந்தால் பரண் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே விறைத்து நிற்கும்.

போன ஐப்பசியிலும் ஆட்டோக்காரர் வந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். வாசலெல்லாம் இறகு. செம்பி அரை மொட்டையாக அவரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இந்த வருசம் மொட்டை ஏதாச்சும் தள்ளி விடுறீங்களா? அன்னைக்குக் குடுத்தது ரெண்டும் நல்ல கறி."

மொட்டை எதுவும் விற்பதற்கில்லை என்றேன். பிறகு கூண்டுக்குள் போய், ஓர் இறகு கலையாமல் பளபளவென்று நின்ற சேப்பியைப் பிடித்துவந்து கொடுத்தேன். இவ்வளவு லட்சணமான கோழியை அதே விலைக்கா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.