கல்லறையருகே வாசித்த கடிதம்



"சாமி, பிள்ளைகள் பார்க்கிறார்களே 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடர், அதை அனுமதிக்கலாமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடிய கேள்வியல்ல இது. பயங்கர உருவங்களும், எலும்பு முறியும் சாவுகளும் அதில் தாராளமாக உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் தாயும் தகப்பனும் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த அத்தியாயம் ஒன்று அதில் இருக்கிறது. இவ்வாரப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1984-ம் ஆண்டு பிறந்த இரட்டைச் சகோதரர் மாட் டஃபரும் ராஸ் டஃபரும் இதைப் படைத்தார்கள். 2016 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கி, 2025 டிசம்பர் 31-ல் முடிவுற்றது. இந்தியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்றொரு கற்பனை ஊர். கதை நடப்பது 1983-ம் ஆண்டு முதல். சைக்கிளும், கேசட்டும், வாக்கி-டாக்கியுமாகத் திரியும் பள்ளித் தோழர்கள் சிலர், அவ்வூருக்கு அடியில் பதுங்கியிருக்கும் இருண்ட உலகத்தோடு போராடுகிறார்கள். நாம் பார்க்கப் போவது நான்காம் பருவத்தின் நான்காம் அத்தியாயம். 2022 மே 27-ல் வெளியான அதன் பெயர் 'அன்புள்ள பில்லி'. அதே அத்தியாயத்தில் கலிபோர்னியாவில் ஒரு துப்பாக்கிச் சண்டையும் ரஷ்யச் சிறையில் ஒரு தப்பிக்கும் முயற்சியும் உண்டு. அவை நமக்கு வேண்டாம்.

மேக்ஸ் என்ற பெண்ணைப் பார்ப்போம். அவளுடைய மாற்றாந் தகப்பனின் மகன் பில்லி. முரடன்; அவளை மிரட்டி வதைத்தவன். ஆயினும் 1985 ஜூலை 4 அன்று, தன்னை ஆட்டிப் படைத்த கொடிய சக்தியைக் கடைசி நொடியில் எதிர்த்து நின்று, வேறொரு சிறுமியைக் காப்பாற்றித் தன் உயிரை விட்டான். மேக்ஸ் அதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு என்ன? மாற்றாந் தகப்பன் வீட்டை விட்டுப் போனான். தாயும் மகளும் ஒரு நடமாடும் வண்டி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். தாய் இரண்டு வேலை பார்க்கிறாள், குடிக்கவும் செய்கிறாள். மகளோ தோழர்களை விலக்கி, தன்னை நேசித்த லூக்காஸையும் விலக்கி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியே நடக்கிறாள். யார் கேட்டாலும், ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதே பதில்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, இந்தப் பதிலை நீங்களும் கேட்டதுண்டு அல்லவா?

இப்பருவத்தின் கொடியவனுக்கு வெக்னா என்று பெயர். அவன் எல்லாரையும் தாக்குவதில்லை. உள்ளத்தில் ஒரு துயரத்தையோ குற்ற உணர்வையோ ஒருவருக்கும் சொல்லாமல் புதைத்து வைத்திருக்கும் பிள்ளைகளையே தேடிப் பிடிக்கிறான். முதலில் தலைவலி, மூக்கில் இரத்தம், கெட்ட கனவு, பிறகு மணிக்கூண்டு போன்ற பெரிய கடிகாரம் ஒன்று அடிக்கும் ஓசை, பிறகு சாவு. பள்ளி ஆலோசகரின் குறிப்பேடுகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்த மேக்ஸ், முன்பு இறந்த இருவருக்கும் இருந்த அடையாளங்கள் தனக்கும் இருப்பதை அறிகிறாள். அதாவது, தனக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை.

அவள் என்ன செய்கிறாள்? உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். தாய்க்கு ஒன்று, தோழர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தான் இறந்த பிறகு பிரிக்க வேண்டியவை. உயிரோடு இருக்கையில் வாய் திறக்காத பிள்ளை, சாவுக்குப் பின் பேசுவதற்கு ஏற்பாடு செய்கிறது! பில்லிக்கு எழுதியதை மட்டும் அவன் கல்லறைக்குக் கொண்டுபோய் அங்கே வாசிக்கிறாள். அந்தக் கடிதத்தில் பெரிய வார்த்தைகள் ஒன்றும் இல்லை. நீ போன பிறகு எல்லாம் கெட்டுப்போயிற்று. அந்த நொடியையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஓடி வந்து உன்னை இழுத்திருந்தால், நாம் உண்மை அண்ணன் தங்கையாக ஆகியிருப்போமோ என்று எண்ணுகிறேன். சாரம் இவ்வளவே. மேக்ஸாக நடித்த சேடி சிங்க் என்ற இளம் நடிகை, கூச்சலிடாமல் இதைச் சொல்லும் விதம் பாராட்டத்தக்கது.

உடனே வெக்னா பில்லியின் உருவத்திலேயே அவள் முன் வருகிறான். உன் உள்ளத்தின் ஆழத்தில் நான் சாக வேண்டும் என்று நீ விரும்பினாய், அதனால்தான் அசையாமல் நின்றாய் என்று குற்றம் சாட்டுகிறான்.

இங்கே சற்று நிற்போம். இது முழுப் பொய்யா? இல்லை. அண்ணனுக்கு ஏதாவது கேடு வரட்டும் என்று இரவில் படுக்கையில் வேண்டிக்கொண்டதுண்டு என்று, இதே பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் அவளே சொல்கிறாள். அடிபட்ட பிள்ளையின் மனத்தில் அத்தகைய எண்ணம் எழுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அன்று அவள் அசையாமல் நின்றதற்குக் காரணம் பயம், வெறுப்பு அன்று. வீட்டை விடப் பெரிய ஒரு பூதத்தின் முன் ஒரு சிறு பெண் என்ன செய்திருக்க முடியும்? குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பாகுபாடு இது: மனத்தில் வந்து போகும் நினைவு வேறு, அதற்கு மனம் பொருந்திக் கொடுக்கும் சம்மதம் வேறு; செய்த குற்றம் வேறு, செய்ய இயலாமற்போன வருத்தம் வேறு. கொடியவன் ஒரு சிறு உண்மையை எடுத்து, அதோடு ஒரு பெரும் பொய்யை முடிச்சுப்போடுகிறான். சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றஞ்சாட்டுகிறவன் என்பதே பொருள். நல்ல மனச்சாட்சி, எழுந்து போய் ஒருவரிடம் சொல் என்று தூண்டும். குற்றஞ்சாட்டுகிறவனோ, எவரிடமும் சொல்லாதே, உன்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள் என்பான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் எந்தக் குருவுக்கும் இந்த இரண்டு குரல்களின் வேற்றுமை தெரியும்.

சரி, அவள் எப்படித் தப்பினாள்?

அதே நேரத்தில் நான்சி, ராபின் என்ற இரு பெண்கள் ஒரு மனநோய் விடுதியில் விக்டர் கிரீல் என்ற கண்ணிழந்த முதியவரைக் காணச் செல்கிறார்கள். (நோத்ர்தாம் பல்கலைக்கழக மாணவிகள் என்று பொய் சொல்லித்தான் உள்ளே நுழைகிறார்கள். நம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் இப்படியும் பயன்படுகிறது!) 1959-ல் மனைவியையும் மகளையும் கொன்றவர் என்று உலகம் தீர்ப்பளித்த மனிதர் அவர். போரின்போது பகைவர் இருப்பதாக நினைத்து ஒரு வீட்டைச் சுடச் செய்ததையும், உள்ளே எரிந்த தொட்டிலைக் கண்டதையும் இன்னும் சுமக்கிறார். ஒரு பசாசுதான் தம் குடும்பத்தை அழித்தது என்று அவர் நம்புகிறார். அழித்தது அவருடைய சொந்த மகனே என்பது பின் வரும் அத்தியாயங்களில் தெரியும். ஒரே கூரையின் கீழ் இருந்த தகப்பனுக்கு அது கடைசி வரை தெரியவில்லை. அந்த இரவில் தம்மைப் பிடியிலிருந்து மீட்டது வானொலியில் பாடிய எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் என்கிறார்.

செய்தி வாக்கி-டாக்கியில் கல்லறைத் தோட்டத்துக்குப் பறக்கிறது: மேக்ஸுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது? கேசட்டுகளைக் கொட்டிக் கலைத்து, லூக்காஸ் ஒன்றைக் கண்டெடுக்கிறான். இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் 1985-ல் வெளியிட்ட பாட்டு அது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கேட் புஷ் அதற்கு முதலில் வைத்த பெயர் 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்'. அப்பெயரோடு வந்தால் இத்தாலி, அயர்லாந்து முதலிய நாடுகளில் ஒலிபரப்பமாட்டார்கள் என்று அஞ்சியதால், 'அந்த மலைமேல் ஓடி' என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் அடைப்புக்குறிக்குள் தங்கிவிட்டது. ஒருவர் மற்றவரின் இடத்தில் நின்று பார்க்கக் கடவுள் அருள்வாரானால் எவ்வளவு மனத்தாங்கல் தீரும் என்பதே அதன் கருத்து. அண்ணனின் இடத்தில் நானிருந்தால் ஆகாதா என்று வாடிய பெண்ணுக்கு அது ஏன் பிடித்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1985-ல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறிய பாட்டு, இந்த அத்தியாயத்தின் காரணமாக 37 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், முதலிடத்துக்கு வந்தது.

நிற்க. தோழர்கள் அவள் காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓட விடுகிறார்கள். இருளில் ஒரு வாசல் திறக்கிறது. அதன் வழியே கல்லறையருகே அவள் பெயரைச் சொல்லிக் கதறும் தோழர்களைக் காண்கிறாள். அவள் நினைவில் பள்ளி நடனமும், தோழியோடு கடைகளில் சுற்றிச் சிரித்த நாளும் வருகின்றன. வெக்னா அவள் மனம் முழுவதையும் துருவியவன். ஆனால் அவன் எடுத்துக் காட்டியதெல்லாம் துயரத்தை மட்டுமே. அவள் ஓடுகிறாள். அந்தரத்தில் நின்ற உடல் கீழே விழ, லூக்காஸ் அவளை அணைத்துக்கொள்கிறான். இன்னும் இருக்கிறேன் என்று சொல்லி அழுகிறாள். உலகத்தை அடைத்து வைக்க அவள் மாட்டியிருந்த அதே ஹெட்போன் வழியாகத்தான் அவளை மீட்டார்கள்.

காப்பாற்றியது பாட்டா? பாட்டுப் பெட்டியில் எத்தனையோ கேசட்டுகள் கிடந்தன. தவறான ஒன்றை எடுத்திருந்தால்? ஆபத்து வந்த நொடியில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, அவளுக்குப் பேச்சில்லை. அவள் விலக்கிய நாட்களுக்கு முன்பே லூக்காஸ் அதைத் தெரிந்து வைத்திருந்தான். இன்றிரவு உங்கள் மகளுக்கோ மகனுக்கோ மிகவும் பிடித்த பாட்டு எது என்று நீங்களும் உங்கள் துணையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதி, பிறகு பிள்ளையிடம் காட்டிப் பாருங்கள். திட்டுவதற்கன்று, அது நல்ல பாட்டா கெட்ட பாட்டா என்ற வழக்கு வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

பருவத்தின் முடிவில் அவள் மறுபடி அகப்படுகிறாள். அப்போது ஒரு முரட்டு இளைஞனின் காலடியில் வாக்மேன் நொறுங்கிவிட, அவள் உயிர் நின்று, திரும்பி, நினைவற்ற தூக்கத்தில் கிடக்கிறாள். 2025-ல் வெளியான ஐந்தாம் பருவத்தில் கதை 1987 நவம்பருக்கு வருகிறது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. லூக்காஸ் மருத்துவமனைக்கு வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, அதே பாட்டை மறுபடி போடுகிறான். அது அவளுக்குக் கேட்கிறதா என்று அவனுக்குத் தெரியாது.