புள்ளும் சொல்லும்

தமிழ் பயில்வோராகிய யாம் நாரை, குருகு, அன்றில், மகன்றில் முதலிய பெயர்களை நாள்தோறும் ஓதுகின்றோம். அவை யாவை என வினவின், 'ஒருவகைப் பறவை' என்று விடை எழுதி அமைகின்றோம். அவ்விடைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. சென்ற தை மாதத்தில் ஒரு குளக்கரையில் நின்றபோதுதான் அவ்விடை எத்துணைக் குறையுடையது என்பது எமக்குப் புலனாயிற்று. அதனைப் புலப்படுத்திய கல்வியின் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உயிரினக் காப்பிடங்கள் பெரும்பாலும் அரசினரால் வகுக்கப்பெறுவன. ஊரார் தாமே முன்வந்து காப்பனவும் உள. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபோது, ஊராரும் காவலிற் பங்குகொள்ளும் இருவகைக் காப்பகங்களுக்கு இடம் தரப்பட்டது. ஒன்று, அரசு நிலத்தில் ஊராரைக் கலந்து அமைப்பது. மற்றொன்று, ஊருக்கோ தனியாருக்கோ உரிய நிலத்தில் அவர்தம் விருப்பத்தால் அமைவது. முன்னைய வகையில், இந்தியா முழுமைக்கும் முதலாவதாக அறிவிக்கப்பெற்றது நம் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரே. பொருநைக் கரையிலுள்ள அவ்வூரின் மரங்களிற் கூடுகட்டும் பறவைகளைக் காத்தல் வேண்டுமென ஊரார் விரும்பியமையால், 2005இல் அவ்வறிவிப்பு வெளியாயிற்று. அதன் பரப்பு மூன்று எக்டேருக்கும் குறைவே.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஊராரின் காவல் அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களிலும் நாரைகள் அச்சமின்றிக் கூடு கட்டுகின்றன. அவை வெருளும் என்று கருதித் தீபாவளியன்றும் வெடி வெடியாது விடுப்பர் அவ்வூரார். கூட்டினின்று வீழ்ந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தலும் அங்கே உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. இவற்றையெல்லாம் அவ்வூர்ச் சிறார் ஏட்டினாலன்றித் தம் பெற்றோர் ஒழுகும் முறையைக் கண்டே கற்கின்றனர்.

இத்தகைய அறிவை மாணவர்க்கும் பிறர்க்கும் பரப்பும் முயற்சிகளுள் ஒன்று தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் இதனை நடத்தி வருகின்றனர். யாம் ஐவரும் அதிற் சேர்ந்தோம். எமக்கு முதலிற் கற்பிக்கப்பட்டது ஒரு வரிசைமுறை: அலகைப் பார், காலைப் பார், அது நடக்கும் வகையைப் பார், பெயரை இறுதியிற் சொல். கூட்டமாய் இருப்பின், பத்துப் பறவை அடங்கும் இடத்தை முதலிற் கண்ணால் அளந்து, அவ்வளவு கொண்டு ஏனையவற்றை மதிப்பிடுதல் வேண்டும்.

இம்முறையைக் கரையேறியவுடன் மறந்தோம். உயரமான வெண்பறவையொன்று செவ்விய கால்களுடன் நிற்கக் கண்டு, "செங்கால் நாரை!" என்று கூவினோம். எம்முள் ஒருவர் சத்திமுத்தப் புலவரின் பாட்டையே உரக்க ஓதத் தொடங்கினார். அருகில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. ஆடு மேய்த்து நின்ற சிறுவன் ஒருவன் எம்மை நோக்கி, "அண்ணாச்சி, பேசாமப் பாருங்க; மூக்கு மஞ்சளால்லா இருக்கு!" என்றான்.

உண்மை, அலகு மஞ்சளாகவே இருந்தது. மார்பிற் கரிய பட்டையும், வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளும் இருந்தன. அது சங்குவளை நாரை. நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது. செங்கால் நாரையோ அலகும் காலும் ஒருங்கே சிவந்தது; குளிர்காலத்தில் வடபுலத்தினின்று வந்து, பின் அங்கேயே மீள்வது. புலவர் விளித்தது இதனையே எனக் கொள்ளின், தென்றிசை வந்து வடக்கே மீளும் பறவையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுத்தல் எத்துணைப் பொருத்தமுடைத்து! பன்முறை ஓதிய பாட்டின் நயம், பள்ளிச் சிறுவன் ஒருவன் சொல்லால் அன்று எமக்கு விளங்கிற்று.

ஒரு பெயரை மாற்றி எழுதின் என்ன கேடு எனச் சிலர் வினவலாம். ஓராண்டின் எண்ணை மற்றோராண்டின் எண்ணோடு ஒப்பிட்டே ஒரு குளம் செழிக்கின்றதா, நலிகின்றதா என்று துணிகின்றனர். வாராத பறவையை வந்ததாக எழுதின், அடுத்த ஆண்டு அது மறைந்ததாகப் பொய்க்கணக்குத் தோன்றும். அப்பிழையின்மேற் கட்டப்படும் முடிவுகளும் பிழையாம்.

யாம் அன்று எழுதிய பதினான்கு பெயர்களுள் ஐந்து, எம்மை நடத்திச் சென்றவரால் அடிக்கப்பட்டன. அக்குறிப்பேட்டை அகராதியின் அருகிலேயே வைத்திருக்கின்றோம். நம் கல்லூரித் தோழர்களும், சிறப்பாகத் தமிழ் பயில்வோரும், வருகின்ற தையில் ஒருநாட் காலையேனும் ஒரு குளக்கரையில் ஓசையின்றி நிற்பார்களாக.